அழைக்காமல் வந்தவர்கள்

ரோசாந்தாவுக்குத் திரைச்சீலை தைப்பது பிழைப்பு. கடைத்தெருவில் உள்ள துணிக்கடையில் அளவெடுப்பவளும் அவளே, தைப்பவளும் அவளே. யார் வீட்டு ஜன்னலானாலும் நாற்காலியில் ஏறி நாடாவை விரிப்பாள். உள்ளே இருப்பதையெல்லாம் பார்க்காத மாதிரி பார்த்துவிட்டு இறங்குவாள். மருந்துக்கடைக்காரர் வீட்டில் கணவனும் மனைவியும் வேறு வேறு அறையில் படுப்பது அவளுக்குத் தெரியும். நீதிமன்ற எழுத்தர் வீட்டில் காலி பாட்டில்கள் எந்த அலமாரிக்குப் பின்னால் நிற்கின்றன என்பதும் தெரியும். ஒரு சொல் வெளியே வந்ததில்லை. "ரோசாந்தா வாயில தையல் போட்டிருக்கு" என்று கடைப்பெண்கள் கேலி செய்வார்கள். அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

இது பகல் நேரத்து ரோசாந்தா. சாயங்காலத்தில் இருப்பவள் வேறு ஒருத்தி.

சாயங்காலம் ஆனால் பக்கத்து வீட்டு மிலுங்கா சூரியகாந்தி விதைப் பொட்டலத்தோடு வந்துவிடுவாள். இருவரும் சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்து, விதையைக் கடித்துத் தோலைத் தட்டில் துப்பியபடி 'வீடு' பார்ப்பார்கள். நிகழ்ச்சிக்கு நீளமான பெயர் ஒன்று உண்டு. ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. 'வீடு' என்றால் போதும். தலைநகர் பெல்கிரேடுக்கு வெளியே ஒரு பெரிய பங்களா. அதற்குள் அடைபட்ட ஆண்களும் பெண்களும். அவர்கள் தின்பது, தூங்குவது, திட்டிக்கொள்வது, கட்டிப்பிடிப்பது எல்லாவற்றையும் மாதக்கணக்கில் கேமராக்கள் காட்டிக்கொண்டிருக்கும். பிடித்தவர்களுக்கு ஜனங்கள் ஓட்டுப் போடுவார்கள். பிடிக்காதவர்கள் வெளியே போவார்கள்.

போன குளிர்காலத்தில் ஒரு போட்டியாளரின் அம்மாவை ஸ்டுடியோவுக்கு வரவழைத்து உட்கார வைத்தார்கள். மகள் உள்ளே என்ன செய்தாள் என்பதைப் பெரிய திரையில் காட்டினார்கள். அந்த அம்மா நாற்காலியிலிருந்து சரிந்தாள். சரிவதற்கு முன் கையைத் தலைமுடிக்குக் கொண்டுபோய் ஒதுக்கிக்கொண்டாள்.

"பாருடி, விழும்போதும் முடி கலையக்கூடாதாம்!" என்றாள் மிலுங்கா.

ரோசாந்தாவுக்குச் சிரிப்பில் விதை புரையேறியது. மிலுங்கா முதுகில் தட்ட வேண்டியிருந்தது. அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இருவரும் ஒவ்வொரு தடவையும் பார்த்தார்கள்.

அடுத்த செப்டம்பரில் ரோசாந்தாவின் மகன் வெலிமிர் அந்த வீட்டுக்குள் போனான்.

வெல்யா என்று கூப்பிடப்படும் அவன் ஆஸ்திரியாவில் கட்டட வேலை செய்துவிட்டுத் திரும்பியிருந்தான். நல்ல உயரம், நல்ல தோள். கூட்டம் கூடினால் பாடவும் செய்வான். ஆனால் பேச்சு மட்டும் அம்மாவைப் போலவே. உள்ளே போய்ப் பல வாரங்களாகியும் அவன் இருப்பது யார் கண்ணிலும் படவில்லை. கூட இருந்தவர்கள் அவனுக்கு 'அலமாரி' என்று பெயர் வைத்தார்கள். "அலமாரியைக் கொஞ்சம் நகர்த்துங்கப்பா, கதவு மறைக்குது" என்று ஒருத்தி சொல்ல, நாடே சிரித்தது.

"உன் புள்ளை அங்க போயும் வாயைத் தொறக்க மாட்டேங்கறான்" என்று மிலுங்கா குறைபட்டாள். "யார்கூடவாவது சண்டை போடச் சொல்லு, இல்ல அழச் சொல்லு. ரெண்டும் இல்லேன்னா எவன் ஓட்டுப் போடுவான்?"

"அவன் அழமாட்டான்."

"அப்ப வந்துருவான். சூப் வச்சுக் காத்திரு."

நிகழ்ச்சி ஆட்களுக்கும் அதே கவலை இருந்திருக்க வேண்டும். அக்டோபரில் தியானா என்ற பெண் போன் செய்தாள். குரல் சொந்தக்காரப் பெண்ணின் குரல் போல இருந்தது.

"அம்மா, வெல்யாவைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன். சின்ன வயசு, அப்பா... அப்பா எப்படிம்மா தவறினார்?"

"மொராவா ஆத்துல வழுக்கி விழுந்து. மீன் பிடிக்கப் போனார். ஊருக்கே தெரியும்."

"வெல்யா எதையோ மனசுல வச்சுக்கிட்டு இருக்கார்மா. நீங்க ஸ்டுடியோவுக்கு வந்து ரெண்டு வார்த்தை பேசினா..."

"நான் வரமாட்டேன். நீங்களும் வர வேணாம்."

மறுபடி போன் வந்தது. மறுபடியும் அதே பதில். பிறகு போன் நின்றுவிட்டது. விட்டுவிட்டார்கள் என்று ரோசாந்தா நம்பினாள்.

வெல்யா மனதில் வைத்திருந்தது இதுதான். அவனுடைய அப்பா ஸ்ரெதென் வழுக்கி விழவில்லை. அவன் பள்ளிச் சிறுவனாக இருந்த ஒரு மார்ச் மாதக் காலையில், வீட்டுக்கு வராத அப்பாவைத் தேடி ஆற்றங்கரைக்குப் போனான். அப்பா அங்கே இல்லை. பூட்ஸ் மட்டும் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி, ஒரே திசையைப் பார்த்து, செருப்பு அலமாரியில் வைத்த மாதிரி நேராக. ஒன்றுக்குள் மடித்த காலுறை, மற்றதில் கைக்கடிகாரமும் சாவியும். வழுக்கி விழுகிறவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு விழமாட்டான் என்பது அந்த வயதிலேயே அவனுக்குப் புரிந்தது. கோட்டுக்குள் பூட்ஸை மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். ரோசாந்தா வாங்கிப் பார்த்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

"இது வீட்டுலதான் இருந்துச்சு" என்றாள். "நீ எங்கேயும் போகல. புரியுதா?"

தானே உயிரை விட்டவனுக்குத் தேவாலயம் இறுதிப் பாட்டுப் பாடாது. ஆறு உடலைக் கொடுத்ததும் காவ்ரிலோ பாதிரியார் பாடினார். ஸ்ரெதென் தன் அப்பா அம்மா பக்கத்தில் புதைக்கப்பட்டான். அவனுடைய அக்கா இகோனியா, "அந்தக் கரை எப்பவுமே சறுக்கும், சின்னப் புள்ளையிலேயே சொல்வேன், கேக்கமாட்டான்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். ரோசாந்தா பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் வளர்ந்ததும் வெல்யா அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனான். குளிருக்கு வேறு பூட்ஸ் இல்லை. அம்மாவும் மகனும் அதைப் பற்றிப் பின்னர் ஒரு சொல்லும் பேசவில்லை. அந்தப் பேசாமைதான் அவர்களுக்குள் இருந்த பாசம் என்று ரோசாந்தா நினைத்திருந்தாள். அது எப்போதும் அப்படியே இருக்கும் என்றும்.

நவம்பரில் புனித திமித்ரி நாள் வந்தது. அதுதான் ஸ்ரெதென் குடும்பத்தின் ஸ்லாவா. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர், அவருக்கு வருஷத்தில் ஒரு நாள். அன்று மட்டும் யாரையும் கூப்பிடக் கூடாது. வருகிற யாரையும் திருப்பி அனுப்பவும் கூடாது. காலையில் பெரிய மெழுகுவத்தி ஏற்றப்படும். அது எரிகிற வரைக்கும் கதவில் பூட்டு இல்லை. அப்பாவுக்குப் பிறகு ஸ்லாவா மகனுக்குப் போக வேண்டும். வெல்யா அதை வாங்கிக்கொள்ளாமல் ஊர் ஊராகச் சுற்றியதால் ரோசாந்தாவே அவன் சார்பில் நடத்திவந்தாள்.

காவ்ரிலோ பாதிரியார் காலையிலேயே வந்து ரொட்டியை வெட்டி ஒயின் ஊற்றி ஜெபித்துவிட்டுப் போனார். மத்தியானம் அக்கம்பக்கத்தார் வந்தார்கள். நாலு மணிக்கு மேல் மேஜையில் இகோனியாவும் மிலுங்காவும் கடைப்பெண்கள் இரண்டு பேரும் மட்டும் மிச்சம். கோஸ் இலையில் சுற்றிய கறி அடுப்பில் இரண்டாம் தடவை சூடாகிக்கொண்டிருந்தது. கதவு மணி அடித்தது.

வாசலில் தலையில் முக்காடிட்ட இளம்பெண். கையில் பூங்கொத்தும் ஒயின் பாட்டிலும். பின்னால் கேமராவோடு ஒருவன், விளக்கும் கம்பிச் சுருளுமாக இன்னொருவன்.

"ஸ்லாவா வாழ்த்துக்கள்மா. நான்தான் தியானா."

"நான் உங்களை வர வேணாம்னு சொன்னேனே."

"கூப்பிட்டா வர்றது ஸ்லாவா இல்லையேம்மா" என்று அந்தப் பெண் சிரித்தாள். "எங்க வீட்டுலயும் ஸ்லாவா உண்டு. வெல்யாவோட வாழ்த்தைக் கொண்டு வந்திருக்கோம். அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம்."

ரோசாந்தா கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அதை எரியவிட்டுக்கொண்டு வந்தவர்கள் முகத்தில் கதவைச் சாத்தியதாக அந்தக் குடும்பத்தில் ஒருத்தர் பெயரும் இல்லை.

"யாரு வந்திருக்கா? குளிர் உள்ள வருது!" என்று இகோனியா சத்தம் போட்டாள்.

ரோசாந்தா விலகி வழிவிட்டாள்.

தியானா எல்லாம் தெரிந்தவள். சிலுவைக்குறி இட்டாள். இனிப்புக் கோதுமையை ஒரே கரண்டி எடுத்துச் சாப்பிட்டுக் கரண்டியைத் தண்ணீர் டம்ளரில் போட்டாள். பிளம் சாராயத்தை உதட்டில் தொட்டு வைத்தாள். கேமராக்காரன் கறியை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, "எங்கம்மா செய்யற மாதிரியே இருக்கு" என்றான். அது உண்மையாகத்தான் இருந்திருக்கும். மற்றவன் அதற்குள் விளக்கை நிறுத்தி, கம்பியை இழுத்து, யாரையும் கேட்காமல் சுவரிலிருந்த புனிதர் படத்துக்கும் மெழுகுவத்திக்கும் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டான்.

"நீங்க இங்க உட்காருங்கம்மா. டிவியைப் போடறேன். வெல்யா இப்ப உங்ககிட்ட பேசுவார்."

"ஸ்லாவா அன்னிக்கு நாங்க டிவி போடறதில்ல."

"இன்னிக்கு ஒரு நாள். இந்த வீடு அவர் பேர்லதானே இருக்கு? இங்க படம் எடுக்க அவர் கையெழுத்துப் போட்டுட்டார்."

"போடட்டும்டி, புள்ளை முகத்தைப் பார்க்கக் கசக்குதா?" என்றாள் மிலுங்கா. அவள் ஏற்கெனவே கேமராவில் தெரிகிற பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

திரையில் வெல்யா வந்தான். பின்னால் சிவப்பு வெல்வெட் திரைச்சீலை. அதன் கீழ் மடிப்பு கோணலாகத் தைக்கப்பட்டிருந்தது. ரோசாந்தாவின் கண் முதலில் அங்கேதான் போனது.

"அம்மா, ஸ்லாவா வாழ்த்து" என்றான். பிறகு சொன்னான்: "எங்கப்பா வழுக்கி விழல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அவரோட பூட்ஸ் கரையில இருந்துச்சு. ஜோடியா, நேரா வச்சிருந்தார். நான்தான் எடுத்துட்டு வந்தேன். எங்கம்மா, நீ எங்கேயும் போகலன்னு சொன்னாங்க. அப்புறம் அந்த பூட்ஸைத்தான் நான் போட்டுட்டு ஸ்கூலுக்குப் போனேன்..."

அழமாட்டான் என்று ரோசாந்தா சொல்லியிருந்த பிள்ளை அழுதான். அது நடிப்பு இல்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. ஸ்ரெதென் இறந்தபோதும் அவன் இப்படி அழுததில்லை. ஒருவேளை தான்தான் அழ விடவில்லையோ என்றும் அந்த நேரத்திலேயே அவளுக்குத் தோன்றியது. அந்த அழுகை இந்த வீட்டில், இந்த மேஜைக்கு எதிரில் வந்திருக்க வேண்டியது.

திரையின் மூலையில் சின்னச் சட்டம் ஒன்று திறந்தது. அதற்குள் ஒரு கிழவி கையில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். யார் இந்தக் கிழவி, ஏன் இப்படி வாயைப் பிளந்திருக்கிறாள் என்று ரோசாந்தா நினைத்தாள். கிழவியின் கை தலைமுடிக்குப் போய் ஒதுக்கியது. அப்போதுதான் தன் கை தன் தலையில் இருப்பதை ரோசாந்தா உணர்ந்தாள்.

மேஜையில் யாரும் மெல்லவில்லை. இகோனியா கரண்டியை வைத்தாள்.

"ரோசாந்தா, அவன் என்ன சொல்றான்?"

"அண்ணி..."

"வருஷா வருஷம் என் பக்கத்துல உட்கார்ந்து கரை சறுக்கும், கரை சறுக்கும்னு நான் அழும்போது, ஆமா அண்ணின்னியே. ஆமான்னியே!"

விளக்குக்காரன் மெல்ல விளக்கை இகோனியாவின் முகத்துக்குத் திருப்பினான். தியானா குனிந்து, மிக மென்மையாக, "அம்மா, மகன்கிட்ட என்ன சொல்றீங்க? அவருக்கு இப்ப கேக்கும்" என்றாள்.

மகனிடம் சொல்ல ரோசாந்தாவுக்கு நிறைய இருந்தது. எழுந்து, மேஜையிலிருந்த ஒயின் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மெழுகுவத்தியிடம் போனாள். ஸ்லாவா மெழுகுவத்தியை ஊதி அணைப்பதில்லை; நாள் முடியும்போது வீட்டுக்காரர் ஒயினைச் சொட்டி அணைப்பார். நாள் முடிய நேரம் இருந்தது. மெழுகுவத்தியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. அவள் சொட்டவில்லை, ஊற்றினாள். சுடர் சீறிப் புகைந்து அணைந்தது. ஒயின் வெள்ளை விரிப்பில் வழிந்தது.

"ஸ்லாவா முடிஞ்சுது" என்றாள். "கோட்டை எடுத்துக்குங்க."

கேமராக்காரன் கேமராவைத் தாழ்த்தினான். அவனுக்கு வெட்கமாக இருந்திருக்க வேண்டும். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "சாப்பாட்டுக்கு நன்றிம்மா" என்று தரையைப் பார்த்துச் சொன்னான். தியானா கண்கள் பளபளக்க வாசலில் திரும்பி, "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா" என்றாள்.

இகோனியாவும் எழுந்து கோட்டை மாட்டினாள்.

"உங்களைச் சொல்லல அண்ணி. நீங்க இருங்க."

"விருந்தாளி எல்லாம் போகணும்னா நானும் விருந்தாளிதான்" என்றாள் இகோனியா. படிக்கட்டில் அவள் கைத்தடி இறங்கும் சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது.

மறுநாள் மத்தியானம் ரோசாந்தா கடைக்குப் போகாமல் வீட்டில் படுத்திருந்தாள். அந்தக் கட்டடத்தில் சுவர் என்பது பெயருக்குத்தான். மிலுங்காவின் வீட்டு டிவியில் வெல்யா அழுவது கேட்டது. பிறகு இகோனியாவின் குரல். பிறகு தன்னுடைய குரலே, "ஸ்லாவா முடிஞ்சுது" என்றது. கொஞ்சம் இடைவெளிவிட்டு மறுபடியும், "ஸ்லாவா முடிஞ்சுது." ரோசாந்தா கையை மடக்கிச் சுவரில் இடித்தாள். மிலுங்கா சத்தத்தைக் குறைத்தாள். அணைக்கவில்லை.

அந்த வாரம் வெல்யாவுக்கு விழுந்த ஓட்டு அதுவரை யாருக்கும் விழாதது என்று பேசிக்கொண்டார்கள். யாரும் அவனை அலமாரி என்று கூப்பிடவில்லை.

சனிக்கிழமை காவ்ரிலோ பாதிரியாரைத் தெருவில் பார்த்தாள். அவரே நின்றார்.

"அப்பவே என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாமேம்மா. பிஷப்புக்கு எழுதியிருப்பேன். மனசு சரியில்லாதவங்களுக்கு வழி உண்டு. எத்தனையோ பேருக்குச் செஞ்சிருக்கோம்."

"இப்ப சொல்றேன், பாதர்."

"இப்ப எனக்கு நாடே சொல்லிடுச்சு" என்றார். குத்திக் காட்டுகிற மனிதர் அல்ல அவர். களைத்துப்போய்ச் சொன்னார். "கல்லறையில யாரும் கை வைக்கமாட்டாங்க, பயப்படாதே. ஆனா ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வா."

அவள் போனாள். கல்லறையின் முன்னால் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் இருந்தது. புதியது, அடியில் விலைச்சீட்டுகூட உரிக்கப்படவில்லை. ஒன்றையொன்று ஒட்டி நேராக வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி, குழந்தை பூட்ஸ். சுற்றிலும் கண்ணாடிக் கூண்டு விளக்குகள். வெளியூர்ப் பெண்கள் இரண்டு பேர் கல்லுக்கு முதுகைக் காட்டி நின்று, சோகமாக முகத்தை வைத்துக்கொண்டு தங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் ஒருத்தி இன்னொருத்தியின் கையைக் கிள்ளினாள்.

"நீங்க... நீங்கதானே அவங்க? ஐயோ, உங்களைக் கட்டிப்பிடிச்சுக்கலாமாம்மா?"

கட்டிப்பிடித்தும் விட்டார்கள். போன் மேலே உயர்ந்தது. அவர்கள் பிறகு எடுத்த இன்னொரு படத்தில் ரோசாந்தா எப்படித் தெரிந்தாள் என்பதை அடுத்த நாள் கடைப்பெண்கள்தான் சொன்னார்கள்: பூட்ஸை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு நிற்கிறாளாம். அவள் அவற்றைக் குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோகத்தான் எடுத்தாள். அடுத்த வாரம் வேறு பூட்ஸ் இருந்தது.

டிசம்பரில் வெல்யா வெளியே வந்தான். கடைசிவரை நிற்கவில்லை, அழுகைக்கும் ஒரு ஆயுள் உண்டு, அதற்குள் வேறு ஒருத்தியின் கண்ணீர் வந்துவிட்டது. ஊருக்கு வந்தபோது கட்டடத்தின் கீழே பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். புதுக் கோட்டு போட்டிருந்தான். மேலே வந்து மேஜையில் உட்கார்ந்தான். அவள் சூப் வைத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

"ஏன்டா?"

"அது என் கதையும்தானேம்மா" என்றான். அவன் இதைப் பலமுறை ஒத்திகை பார்த்திருக்க வேண்டும். ஆனாலும் அவளைப் பார்க்காமல் காலிக் கிண்ணத்தைப் பார்த்தே பேசினான். "பூட்ஸை எடுத்தது நான். போட்டுட்டு நடந்தது நான். நீ ஒரு நாளாவது என்னைக் கேட்டியா, காலு எப்படிடா இருக்குன்னு?"

அவன் சொன்னதில் பொய் இல்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள்.

"உன்கிட்டயா? நீ எழுந்து பாத்திரம் கழுவப் போயிருப்பே. அங்க நான் பேசினப்ப யாரும் எழுந்து போகலம்மா. எல்லாரும் கேட்டாங்க."

அவள் பாத்திரத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து நாற்காலியைச் சுவரோரம் போட்டு ஏறினாள். புனித திமித்ரியின் படத்தைக் கழற்றித் துடைத்து மேஜையில் வைத்தாள். மெழுகுவத்தித் தண்டையும் அந்தப் பாதி மெழுகுவத்தியையும் பக்கத்தில் வைத்தாள்.

"ஸ்லாவா இனிமே உன்னுது. எடுத்துட்டுப் போ."

வெல்யாவின் முகம் மலர்ந்தது. ஸ்லாவாவைக் கையில் வாங்குவது பெரிய விஷயம். மகனைக் குடும்பத்தலைவனாக ஏற்றுக்கொண்டதற்கு அடையாளம். அவன் கண் கலங்கியது. "அம்மா" என்று எழுந்து அவள் கையில் முத்தமிட்டான். பிறகு, யோசிக்காமல், பழக்கத்தில், போனை எடுத்து மேஜையில் இருந்ததைப் படம் பிடித்தான்.

"பெல்கிரேடுல பெரிசா பண்றேன் பாரு. நீயும் வரணும்."

"ஸ்லாவாவுக்கு யாரையும் கூப்பிடக் கூடாது" என்றாள்.

அதை அவன் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தான். படத்தைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இறங்கினான். கீழே பிள்ளைகள் கைதட்டுவது கேட்டது.

அவன் போன பிறகு ரோசாந்தா கதவைச் சாத்தினாள். சாவியைத் திருப்பினாள், கொக்கியையும் மாட்டினாள். வருஷத்தில் ஒரு நாள் யார் வந்தாலும் திறக்க வேண்டியிருந்த கதவு அது. அந்த நாளை மகன் கொண்டுபோய்விட்டான். சுவரில் படம் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. அவள் அங்கே எதையும் மாட்டவில்லை. தையல் மெஷினில் உட்கார்ந்து, மிச்சத் துணியிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி, சுற்றிலும் மடித்துத் தைத்தாள். கதவில் வெளியே பார்ப்பதற்கு இருந்த சின்னக் கண்ணாடித் துளையின் மேல், உள்பக்கம், அதை ஆணியடித்து மாட்டினாள். மடிப்பு கோணாமல் நேராக விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் மிலுங்கா கதவைத் தட்டினாள்.

"ரோசாந்தா! கேக் கொண்டாந்திருக்கேன். தொறடி. மெஷின் சத்தம் கேட்டுச்சு, உள்ளதான் இருக்கே." பதில் வராததால் குரலைத் தாழ்த்தினாள். "வெல்யா படத்தைத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்தேன். என்னடி நடந்துச்சு? என்கிட்ட மட்டும் சொல்லு."

ரோசாந்தா கையில் சுத்தியலோடு கதவுக்கு இந்தப் பக்கம் நின்றாள். மூச்சுச் சத்தம் வெளியே போகாமல் வாயை மூடிக்கொண்டாள். தட்டைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. செருப்பு நகர்ந்தது. ஆனால் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படவில்லை. மிலுங்கா தன் வாசலில் நின்று, இவள் எப்போது தட்டை எடுக்க வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டு அங்கேயே இருந்தது.